வண்டி இழுக்கவில்லை, விளக்கும் எரிகிறது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பல, பழைய கார் வாங்கியவர்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் ஒரே கவலைதான். எஞ்சின் விளக்கு எரிகிறது, பிக்கப் இல்லை, எதை மாற்றுவது என்று தெரியவில்லை. அதனால் இந்த வாரம் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எட்டு வருடம் ஓடிய ஒரு டீசல் காரை ஆறு மாதம் முன்பு வாங்கினேன். அப்போதே 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. சாதாரணமாக ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. ஏற்றத்திலோ, லாரியை முந்தும்போதோ ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்தால், யாரோ பின்னால் பிடித்து இழுத்த மாதிரி இழுவை சட்டென்று போய்விடுகிறது. மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிகிறது, எஞ்சினைச் சோதிக்கச் சொல்லித் திரையில் வாசகம் வருகிறது, முள் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறுவதில்லை. ஓரம்கட்டி, அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ஸ்கேன் செய்ததில் பி0299 என்ற எரர் கோடு (குறையைச் சொல்லும் எண்) வந்தது. ஒருவர், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். இன்னொருவர் சென்சார் என்கிறார். மூன்றாமவர் எரர் கோடுகளை அழித்துக் கொடுத்தார், இரண்டே நாளில் திரும்ப வந்துவிட்டது. யார் சொல்வதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு யார் சொன்னதையும் நம்பி எதையும் மாற்றிவிடாதீர்கள். அணைத்து ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் முக்கியம். வண்டியின் இழுவையைக் குறைத்தது டர்போ இல்லை, எஞ்சின் கம்ப்யூட்டர். கணக்குக்கு ஒத்துவராத ஓர் எண்ணை அது பார்த்திருக்கிறது, எஞ்சினுக்கு ஆபத்து வந்துவிடக்கூடாது என்று டீசலையும் காற்றழுத்தத்தையும் தானே குறைத்துக்கொண்டு, வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் ஓடவிடுகிறது. லிம்ப் மோடு என்பது இதுதான். அணைத்துப் போட்டதும் அது மறுபடி முதலிலிருந்து பார்க்கிறது, எல்லாம் சரியாகத் தெரிவதால் முழு இழுவையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சாவியைத் திருப்பினால் உடைந்த சாமான் ஒட்டிக்கொள்ளாது. ஆகவே உங்கள் வண்டியில் இருப்பது, அழுத்தம் ஏறும்போது மட்டும் தலைகாட்டுகிற குறை.

அடுத்தது அந்த எண். பி0299 என்றால் 'நான் கேட்ட அளவு காற்றழுத்தம் வரவில்லை' என்று கம்ப்யூட்டர் சொல்கிறது என்று அர்த்தம். டர்போ கெட்டுவிட்டது என்று அது சொல்லவே இல்லை. கம்ப்யூட்டருக்கு டர்போ கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினுக்குள் காற்று நுழையும் இடத்தில் இருக்கிற ஒரு சிறிய பிரஷர் சென்சார் என்ன சொல்கிறதோ அதுதான் அதற்குத் தெரியும். டர்போ ஒழுங்காகக் காற்றை அமுக்கிக் கொடுத்தும், வழியில் ஒரு ஹோஸ் கிழிந்து காற்று வெளியே போய்விட்டால், வருவது இதே பி0299தான்.

அதனால் முதல் வேலை, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காற்று போகிற பாதையை ஏர் ஃபில்டரில் தொடங்கி கடைசி வரை கையால் தடவிக்கொண்டே போவது. டர்போவிலிருந்து, அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற தடித்த ரப்பர் ஹோஸ்கள்தான் எனக்கு எப்போதும் முதல் சந்தேகம். என்னிடம் இருந்த ஒரு பழைய டீசல் வண்டியில் உங்களுக்கு வந்த இதே தொல்லை வந்தது. மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புத்தம் புதிதாக இருந்தது. வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான், அதன் அடிவயிற்றில் மட்டும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து ஒரு கறுப்புப் பட்டையாகப் படிந்திருந்தது தெரிந்தது. துணியால் துடைத்தேன், எதுவும் தெரியவில்லை. இரண்டு கையாலும் ஹோஸைப் பிடித்து வளைத்தேன், விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, உதடு பிரிகிற மாதிரி மெதுவாகத் திறந்தது. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது காற்று கசியாது, ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும் திறந்துகொள்ளும். உங்கள் வண்டியிலும் மிதிக்கும்போது 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தமும் பின்னால் கறுப்புப் புகையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ஹோஸ் அல்லது அதன் கிளாம்ப்தான்.

ஹோஸ்கள் சரியாக இருந்தால், அடுத்தது மெல்லிய வேக்கம் (வெற்றிட) குழாய்கள். பல டீசல் வண்டிகளில் டர்போவைக் கட்டுப்படுத்துவது வேக்கம்தான். அந்தக் குழாய்கள் சூட்டில் வருடக்கணக்காகக் கிடந்து, முனையில் காய்ந்து வெடித்துவிடும். கழற்றி, வெடித்த முனையை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி சொருகியே சரியான வண்டிகள் உண்டு. இந்த வகையில் பல வண்டிகளில், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் டர்போவின் பக்கத்தில் இருக்கிற கம்பி ஒன்று இழுபடும், அணைத்தால் பழைய இடத்துக்குத் திரும்பும். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, இன்னொருவர் பார்த்தால் போதும். கம்பி அசையவில்லை என்றால் வேக்கம் வரவில்லை, அல்லது உள்ளே கார்பன் பிடித்து இறுகியிருக்கிறது. அப்படி இறுகிய டர்போ சில நேரம் அழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றியும் விடும், அப்போது வருவது பி0234. ஒரே வண்டியில் 0299, 0234 இரண்டும் மாறிமாறி வந்தால் டர்போவுக்குள் புகை பாயும் வழியைக் குறைத்துக் கூட்டும் இதழ்கள் ஒட்டிக்கொள்கின்றன என்று சந்தேகப்படலாம். அது அணைத்து ஸ்டார்ட் செய்ததும் சரியான மாதிரியே தெரியும், அதனால் டர்போவைச் சந்தேகத்திலிருந்து முழுக்க விடுவித்துவிடவும் முடியாது.

சென்சார் என்று சொன்னவருக்கும் ஒரு சோதனை இருக்கிறது. சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்கேனரில் அந்தப் பிரஷர் சென்சாரின் அளவைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்டவேண்டும், கடல் மட்டத்தில் கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல், 1,000 மீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட 90. அதையொட்டி இருந்தால் முதல் சோதனையில் அது தேறிவிட்டது, அதை மாற்ற அவசரம் இல்லை. சம்பந்தமே இல்லாமல் 70, 130 என்று காட்டினால் சென்சார், அதன் ஒயர், கனெக்டர் மூன்றையும் பார்க்கவேண்டியதுதான்.

இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்கேனரை மாட்டி ஓட்டிப் பாருங்கள், ஓட்டுவது ஒருவர், திரையைப் பார்ப்பது இன்னொருவர். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுக்க மிதித்து, கம்ப்யூட்டர் கேட்கும் அழுத்தம், வந்து சேரும் அழுத்தம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 220 கிலோபாஸ்கல் கேட்கிற இடத்தில் 150ஐத் தாண்டாமல் நொண்டினால் கசிவோ, வேக்கம் பிரச்சினையோ, அடைப்போ இருக்கிறது. முதலில் ஒழுங்காக ஏறி, அப்புறம் தேவைக்கு மேல் எகிறி, அதன் பிறகு கட்டானால் அது வேறு கதை, ஒட்டிக்கொள்ளும் இதழ்களின் கதை. டர்போவை மாற்றச் சொல்லும் யாரிடமும் இந்த இரண்டு எண்களைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

டர்போவே போயிருந்தால் அதற்கு வேறு அடையாளங்கள் உண்டு. சைரன் மாதிரி ஓர் ஊளைச் சத்தம், நீலப் புகை, ஆயில் குறைவது. ஏர் ஹோஸைக் கழற்றி, உள்ளே தெரியும் தண்டை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருப்பது இயல்பு, ஆயில் படலத்துக்கான இடைவெளி அது. நீளவாக்கில் முன்னும் பின்னும் ஆட்டம் கையில் தெரியக்கூடாது, இறக்கைகள் சுற்றியிருக்கும் கூட்டில் உரசிய தடமும் இருக்கக்கூடாது. மாற்றியே ஆகவேண்டும் என்று வந்தால், ஆயில் வரும் சிறிய குழாயையும் கூடவே மாற்றச் சொல்லுங்கள். அது அடைத்துக்கொண்டதால்தான் பழையது செத்தது என்றால் புதியதும் அதே வழியில் போய்விடும்.

அந்த மூன்றாமவர் செய்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கோடு பதிவாகும் நொடியில் என்ன வேகம், என்ன ஆர்பிஎம், எஞ்சின் எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று கம்ப்யூட்டர் ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது. ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். பழைய வண்டியை முன்பு ஓட்டியவர் எப்படி ஓட்டினார் என்று நமக்குத் தெரியாது. நம்மிடம் இருக்கிற சாட்சி இந்தக் குறிப்பு ஒன்றுதான், கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகிறது. இனி யார் ஸ்கேன் போட்டாலும், அழிப்பதற்கு முன் எல்லாத் திரைகளையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது பெட்ரோல் கார். எஞ்சின் விளக்கு சில நேரம் நின்று எரிகிறது, சில நேரம் சிமிட்டுகிறது. சிமிட்டும்போது வண்டி குலுங்குகிறது, இழுவையும் இல்லை. மழை நாளில் அதிகம். ஸ்கேனில் பி0302. மூன்று நாளாக இப்படியே ஓட்டுகிறேன், ஓட்டலாமா?

பதில்: சிமிட்டும்போது ஓட்டவே கூடாது. நின்று எரிகிற மஞ்சள் விளக்கு 'சீக்கிரம் காட்டு' என்கிறது, சிமிட்டுகிற விளக்கு 'இப்போதே காலை எடு' என்கிறது. ஒரு சிலிண்டரில் தீப்பொறி சரியாக வராமல் பெட்ரோல் எரியாமலே சைலன்சர் பக்கம் போகிறது, புகையைச் சுத்தம் செய்ய அங்கே இருக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிகிறது. அந்தச் சூட்டில் அதன் உட்பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். சின்ன வேலையாக முடியவேண்டியது பெரிய செலவில் போய் நிற்கும்.

0302இன் கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கிறது, அதாவது இரண்டாவது. தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற காயில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனியாக இருக்கிற வண்டி என்றால், இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோடுகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அழித்து, கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0303 வந்தால் குறை காயிலோடு நகர்ந்துவிட்டது, காயிலை மாற்றினால் போதும். 0302ஆகவே இருந்தால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

மழையில் அதிகம் என்றதால் ஒன்று சொல்கிறேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல், பென்சிலால் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கீற்று இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மின்சாரம் உள்ளே போகாமல் பீங்கானின் வெளிப்பக்கமாகவே வழி கண்டுபிடித்துத் தாண்டிய தடம் அது. அப்படி இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, காயிலின் ரப்பர் உறையிலும் அதே தடம் இருக்கும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பிளக் உட்காரும் குழியில் தண்ணீரோ ஆயிலோ நின்றால், அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதையும் அடைக்கவேண்டும். இவை எதுவும் இல்லை என்றால் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதன் பிறகு சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை.

கேள்வி: அடுத்த வாரம் ஒரு பழைய கார் பார்க்கப் போகிறேன். போர்டில் எந்த விளக்கும் எரிவதில்லை என்றார் விற்பவர். நல்ல அறிகுறிதானே?

பதில்: முதலில், எரிய வேண்டிய நேரத்தில் எரிகிறதா என்று பாருங்கள். சாவியை ஆன் செய்ததும், ஸ்டார்ட் ஆவதற்கு முன், எஞ்சின் விளக்கு எரியவேண்டும், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணையவேண்டும். ஆன் செய்தும் எரியவே இல்லை என்றால் யாரோ பல்பை எடுத்துவிட்டிருக்கலாம், மறைத்திருக்கலாம். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எரிந்து அணைந்தாலும் கோடுகளைக் காலையில்தான் அழித்தார்களா என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேனருக்குத் தெரியும். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரை மாட்டுகிற, 16 பின் கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001லிருந்தும் கட்டாயமாக்கப்பட்ட ஏற்பாடு இது, இன்று உலகம் முழுக்க ஓடும் வண்டிகளில் பார்க்கலாம். ஸ்கேனரில் ரெடினஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். கோடுகளை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ, வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் எல்லாம் முடியாதவை என்று மாறிவிடும். பல வண்டிகளில், அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதும் அப்படியே பதிவாகியிருக்கும். பாதி சோதனைகள் முடியாமல், ஓடியது வெறும் 6 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்கு முன் யாரோ துடைத்து வைத்திருக்கிறார்கள். பேட்டரி மாற்றியது கூடக் காரணமாக இருக்கலாம், அதனால் சண்டைக்குப் போகவேண்டாம். நாலைந்து நாள் ஓட்டிய பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள், அவர் முகம் போகிற போக்கிலேயே பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: ஐடிலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. இழுவை நன்றாக இருக்கிறது. ஓட்டலாமா?

பதில்: கூடாது. எஞ்சினை அணையுங்கள், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள், குறைவாக இருந்தால் சரியான ஆயிலை ஊற்றுங்கள். அளவு சரியாக இருந்தும் மினுக்கினால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் ஏற்றிக்கொண்டு போங்கள். ஆயில் ஸ்விட்ச் மட்டும் கெட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆனால் அதை மெக்கானிக் கேஜ் வைத்து அளந்து சொல்லட்டும்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்தால் எஞ்சின், ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக் என்று எல்லா விளக்கும் ஒன்றாக எரிகின்றன. சில நாள் தானாகவே போய்விடுகிறது. இத்தனையும் ஒரே நாளில் கெடுமா?

பதில்: கெடாது. மின்சாரம் குறைந்தால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் குழம்பும். இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8க்கும் 14.5க்கும் நடுவில். இரண்டும் சரியாக இருந்தால், பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகிற எர்த் ஒயரின் முனைகளைக் கழற்றி, துருவைத் தேய்த்து எடுத்து, இறுக்கி மாட்டுங்கள்.

கேள்வி: டீசல் கார், தினமும் ஐந்தாறு கிலோமீட்டர்தான் ஓட்டுவேன். டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) நிறைந்துவிட்டது என்று வாசகம் வருகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கிறது! டிபிஎஃப்பை எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

பதில்: ஏறியிருக்கிற அந்த ஆயிலை முதலில் கவனியுங்கள். டிபிஎஃப்பில் சேரும் கரியை எரிக்க 600 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும், அதற்காகப் பல வண்டிகள் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கின்றன. நீங்கள் ஐந்து கிலோமீட்டரில் அணைத்துவிடுவதால் எரிப்பு பாதியில் நிற்கிறது, அந்த டீசலில் ஒரு பங்கு வழிந்து ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை வரும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகுதான் மற்ற வேலை. அதன் பிறகு ஸ்கேனர் வழியாக எரிப்பை முடிக்கச் சொல்லுங்கள், அதற்கு முன் இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு), பிரஷர் சென்சார் சம்பந்தமான கோடுகள் இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அவை இருந்தால் பல வண்டிகள் எரிப்பைத் தொடங்கவே மாட்டா. வாரம் ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். எடுத்துவிட வேண்டாம். பல நாடுகளில் சட்டப்படி தவறு, அந்தக் கரியை மூச்சில் இழுப்பது உங்கள் தெருவில் இருக்கிறவர்கள்தான்.

கேள்வி: எந்த விளக்கும் இல்லை, ஸ்கேனிலும் ஒன்றும் வரவில்லை. ஆனால் வண்டி வரவர மந்தமாகிக்கொண்டே போகிறது.

பதில்: கம்ப்யூட்டருக்குத் தெரியாத இடங்களில் தேடவேண்டும். மிதித்தால் ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சமதளத்தில் நியூட்ரலில் தள்ளினால் உருளாமல் அடம்பிடிக்கிறது, கொஞ்சம் ஓட்டிவிட்டு இறங்கினால் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் சூடு அடிக்கிறது என்றால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது, கை வைத்துவிடாதீர்கள், பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். மெதுவாகப் போகும்போது சரி, வேகமும் ஏற்றமும் கூடக்கூட மூச்சு வாங்குகிறது என்றால் ஃப்யூவல் ஃபில்டரையும் பம்ப் அழுத்தத்தையும் பாருங்கள். அதுவும் சரி என்றால் சைலன்சர் பக்கம் அடைத்திருக்கலாம். முன்பு எப்போதாவது மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) இருந்து அதோடு நெடுநாள் ஓடிய வண்டியா என்று விற்றவரிடம் கேளுங்கள், ஆமாம் என்றால் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் கேஜ் வைத்துப் பின்னழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள்.